விரதக்காரன் கூப்பிட்ட காட்டுப்பூனை

இத்தாலியில், பலெர்மோவில் நான் பார்த்த வேலைகளில் மிக விசித்திரமானது, ஒரு பல் வைத்தியருக்கு வாயாக இருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பொலிதேயாமா நாடக அரங்கத்துப் பக்கத்தில் ஒரு பழைய மாடிவீட்டில் வீட்டுவேலை செய்துகொண்டிருந்தேன். தரை துடைப்பது, சேர்ட்டுகளுக்கு ஸ்திரிக்கை போடுவது, சிஞ்ஞோரா, அதாவது வீட்டுக்கார அம்மா, சந்தையிலிருந்து கொண்டுவரும் கத்தரிக்காயைப் பார்த்து மெச்சித் தலையாட்டுவது. சிஞ்ஞோராவின் கணவர் பல் வைத்தியர். ஊரே அவரை டொக்டர் என்ற அர்த்தத்தில் ‘தொத்தோரே’ என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நாற்பதைத் தாண்டிவிட்டு, யாராவது பார்த்தால் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிற வயது.

ஒரு குளிர்காலத்தின் முடிவில் அவர் நித்திரையால் எழும்பியபோது முகத்தின் இடது பக்கம் மட்டும் எழும்பவில்லை. நரம்புச் சோர்வு என்றார்கள். வாய் வலப்பக்கம் இழுபட்டு நின்றது. ஊரார் வாயைத் திருத்துகிறவருக்கு வாய் கோணினால் ஊர் சும்மா இருக்குமா? கீழே கோப்பி குடிக்கப் போனால், “தொத்தோரே, உங்கடை வாயை ஆரிட்டைக் காட்டுறியள்?” என்று கேட்பார்கள். அவரும் சிரிப்பார், பாதி முகத்தால்.

அவருடைய கவலை வேறு. அவர் வேட்டைக்காரர். அதிலும் துவக்கோடு மலை முழுக்க ஓடித்திரிகிற ஆள் இல்லை. கூப்பிட்டு வரவழைக்கிற ஆள். புறங்கையில் உதட்டை வைத்து உறிஞ்சி, அடிபட்ட முயல் கத்துவதுபோல ஒரு சத்தம் எழுப்புவார். அதைக் கேட்டு, இலகுவாக ஒரு சாப்பாடு கிடக்கிறது என்று நம்பி நரி தானாக வரும். வாய் கோணிய பிறகு அந்தச் சத்தம் வரவில்லை. காற்றுத்தான் வந்தது. ஓட்டை ரியூப்பைப் பம்பினால் வருமே, அப்படி.

ஒருநாள் நான் சாப்பாட்டு அறையில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தபோது என்னை உற்றுப் பார்த்தார்.

“நீ சிலோன்தானே? அங்கை சிறுத்தை இருக்கல்லோ?”

“இருக்கு, தொத்தோரே.”

“அப்ப உனக்கு மிருகம் கூப்பிடத் தெரியும்.”

“நான் பஸ் கண்டக்டர், தொத்தோரே. எங்கடை பஸ்ஸிலை சிறுத்தை ஏறினதில்லை.”

“கண்டக்டர் எண்டால் விசில் ஊதியிருப்பாய்.”

“ஓம், அது ஊதினனான்.”

“போதும்,” என்றார். என் வேட்டைத் தகைமை அவ்வளவுதான்.

நான் ஏன் சம்மதித்தேன் என்பதைச் சொல்லவேண்டும். நகரத்துக்கு வெளியே, ஒரேத்தோ ஆற்றைத் தாண்டி மலையேறுகிற பாதையில் அவருக்கு ஒரு தோட்டம் இருந்தது. ஒலிவ மரங்கள், எலுமிச்சை, கம்பிவலைக் கூட்டில் கவுதாரிகள். கூட்டுக்குப் பக்கத்தில் காவல்காரனுக்கென்று ஒரு சின்ன வீடு. பழைய காவல்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். ஒவ்வொரு கிழமையும் கவுதாரி காணாமற்போகும். தொத்தோரே அவரைத் திட்டுவார். அவர் நரியைத் திட்டுவார். கடைசியில் நரியை விட்டுவிட்டு ஒருவரையொருவர் திட்டிப் பிரிந்தார்கள்.

என் மனைவியும் மகளும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர்களை இங்கே எடுப்பதற்கு என்னிடம் பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி இருந்தது, வேலை இருந்தது. இல்லாதது வீடு. போர்கோ வெக்கியோச் சந்தைத் தெருவில் எங்கள் அறையில் கட்டிலுக்குக் கட்டில் ஆள். அதை வீடு என்று காட்டினால் விசாக் கொடுக்கிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். காவல்காரனின் வீட்டுக்கோ விலாசம் இருந்தது, கதவு இருந்தது, கூரை ஒழுகினாலும் கூரைதான்.

தொத்தோரேயின் பேச்சு சுருக்கமானது. “கவுதாரி உயிரோடை இருந்தால் எனக்குக் காவல்காரன் தேவை. காவல்காரன் எண்டால் நீ. கவுதாரி இல்லையெண்டால் காவல்காரன் எதுக்கு?”

ஆக, கவுதாரி இருந்தால் வேலை, வேலை இருந்தால் வீடு, வீடு இருந்தால் மனிசியும் பிள்ளையும். என் குடும்பம் முழுவதும் ஒரு நரியின் பசியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நரியைக் கூப்பிட்டே ஆவது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

பயிற்சி போர்கோ வெக்கியோவில் தொடங்கியது. எங்கள் அறைக்குக் கீழே மீன் கடை. நான் யன்னலில் நின்று புறங்கையை உறிஞ்சினால் சந்தைப் பூனைகள் எல்லாம் மீனை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தன. மீன்காரருக்கு அது நல்லதுதான். ஆனால் எதிர் மாடியில் உடுப்புக் காயப்போடுகிற பெண்மணிக்குப் பிடிக்கவில்லை.

“ஏய், அங்கை ஆரை வெட்டுறியள்?”

“ஒருத்தரையும் இல்லை, சிஞ்ஞோரா. முயல்.”

“முயலையோ வெட்டுறியள்? வீட்டுக்குள்ளையோ?”

“நான்தான் முயல், சிஞ்ஞோரா.”

அவர் சிலுவைக் குறி போட்டுவிட்டு யன்னலைச் சாத்தினார்.

என்னோடு அறையில் இருந்தவர் ஊரில் தபால் கந்தோரில் வேலை செய்தவர். இங்கே மாடிப்படிகள் கழுவுகிறார். தேவாரம் சொல்லாமல் தேத்தண்ணி குடிக்கமாட்டார். அவர் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

“மச்சான், முயல் செத்துப்போச்சோ, இல்லை இன்னும் கொஞ்சம் கிடக்கோ?”

“இன்னும் கொஞ்சம் கிடக்கு.”

“அப்ப கெதியாச் சாகச் சொல்லு. நான் வேலைக்குப் போகோணும்.”

பிறகு வேலைவீட்டுக் குளியலறையில் பழகத் தொடங்கினேன். ஓடு பதித்த சுவர். சத்தம் அருமையாக எழும்பும். ஒருநாள் நல்ல உருக்கமாகக் கத்திவிட்டுக் கதவைத் திறந்தால், வெளியே சிஞ்ஞோரா கண்கலங்கி நிற்கிறார். நரி வரவில்லை, சிஞ்ஞோரா வந்திருந்தார்.

“மனைவியை நினைச்சு அழுகிறாயா?”

“இல்லை சிஞ்ஞோரா, இது முயல்...”

“ஒளிக்காதை. ஆம்பிளையளும் அழலாம்.”

எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. தோளில் தட்டிக்கொடுத்து ஒரு கோப்பி போட்டுத் தந்தார். அந்த வீட்டில் அவர் எனக்குப் போட்ட முதல் கோப்பி. முயலுக்குப் போட்டது என்று நினைத்துக்கொண்டு குடித்தேன்.

ஒக்டோபரில் வேட்டைக்காலம் வந்தது. இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு விசயம் என்னை அசத்தியது. செவ்வாயும் வெள்ளியும் வேட்டை கூடாதாம். எங்கள் சனம் மச்சம் சாப்பிடாத அதே செவ்வாய், அதே வெள்ளி! என் தேவார அறைக்காரரிடம் சொன்னேன். அவர் கும்பிட்டுவிட்டு, “ரோமாபுரியிலை முருகன்ரை ஆள் ஆரோ இருந்திருக்கிறான்,” என்றார்.

முதற்தரம் ஒரு புதன்கிழமை பின்னேரம் போனோம். மலையில் குளிரும் என்று கேள்விப்பட்டு நெஞ்சு, முதுகு, காது மடல், மூக்கு எல்லாம் தைலம் பூசிக்கொண்டேன். தலைக்கு நல்லெண்ணெய். அறைக்காரர் திருநீறு பூசிவிட்டார். சட்டைக்குள் கற்பூரக் கட்டி ஒன்று, பூச்சி வராமல்.

தொத்தோரே என்னைக் கற்சுவருக்கு முன்னால் ஒரு பற்றைக்குள் இருத்தினார். அசையக்கூடாது. கண்ணைக்கூட உருட்டக்கூடாது. கூப்பிடு, நிற்பாட்டு, கேள், மறுபடி கூப்பிடு. அவர் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தினார்.

கத்தினேன். சந்தைப் பூனைகளும் சிஞ்ஞோராவும் மெச்சிய அதே குரல். கொஞ்ச நேரத்தில் சரிவில் ஒரு செந்நிறம் ஓடியது. உண்மையான நரி! என் வாழ்க்கையில் நான் கூப்பிட்டு இவ்வளவு வேகமாக ஒருவரும் வந்ததில்லை. ஆனால் நரி நேரே வரவில்லை. வளைந்து, எங்களில் பட்ட காற்று போகிற பக்கமாகப் போய், மூக்கைத் தூக்கியது. அவ்வளவுதான். ஏதோ பேயைக் கண்டதுபோலத் திரும்பி ஓடியது, வாலை மட்டும் காட்டிக்கொண்டு.

தொத்தோரே என் பக்கம் குனிந்து மணந்து பார்த்தார்.

“என்னடா இது? ஆஸ்பத்திரியா, கோயிலா?”

“கொஞ்சம் தைலம், தொத்தோரே.”

“கொஞ்சமா? நரிக்குத் தடிமன் இருந்திருந்தால் மாறியிருக்கும்.”

நரி எப்போதும் காற்று போகிற பக்கம் சுற்றி மணந்து பார்த்துத்தான் வரும் என்பதை அவர் முதலே சொல்லவில்லை. தைலம் பூசாமல் எங்கள் ஆட்கள் குளிருக்குள் இறங்கமாட்டார்கள் என்பதை நானும் சொல்லவில்லை.

அடுத்த கிழமை மறுபடியும் கவுதாரிகள் குறைந்தன. கூட்டுக்குள் இறகு மட்டும் கிடந்தது. நிலத்தோடு கம்பிவலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். நரி தோண்டின அடையாளம் எதுவும் இல்லை. சிஞ்ஞோராவுக்கு அலுத்துவிட்டது. மிஞ்சின பறவைகளை வித்துவிட்டுத் தோட்டத்தைப் பூட்டுவோம் என்றார். தொத்தோரே கெஞ்சினார். கடைசியில் சிஞ்ஞோரா என்னைப் பார்த்தார். குளியலறை ஞாபகம் வந்திருக்கவேண்டும்.

“மோர்த்தி மட்டும் பொறுக்கிறன். அதுக்குள்ளை ஒரு பறவை குறைஞ்சாலும் பூட்டுத்தான்.”

மோர்த்தி என்பது இங்கே இறந்தவர்களை நினைக்கிற திருநாள். நவம்பர் பிறந்ததும் வரும். கடைக் கண்ணாடிகளில் சீனிப் பொம்மைகளும் பழம்போல வடித்த இனிப்புகளும் ஏற்கெனவே வந்து குந்தியிருந்தன. நாள் அதிகம் இல்லை. அந்த வருடம் பார்த்து, கந்தசஷ்டியும் அதே கிழமையில் வந்து விழுந்தது.

ஆறு நாள் விரதம். பகலில் பச்சைத்தண்ணி, பின்னேரம் கொஞ்சம் பாலும் பழமும். மொரீஷியஸ் அக்கா ஒருவரின் வீட்டில் சாமிப்படம் வைத்துப் பூசை நடக்கும். அங்கே போய் நேர்த்தி வைத்திருந்தேன். மனிசியும் பிள்ளையும் வந்துசேரவேண்டும் என்பதுதான் நேர்த்தி. தொத்தோரே சரியாக அந்த விரதத்துக்குள்ளேதான் நாள் குறித்தார்.

விசயத்தின் சிக்கலைப் பாருங்கள். விரதம் வீட்டுக்காக. வீட்டுக்கு வேட்டை வேண்டும். வேட்டைக்குப் போனால் விரதம் போய்விடும். அறைக்காரரை நீதவான் ஆக்கினேன்.

“கூப்பிடுறது உன்ரை வேலை,” என்றார் அவர், கட்டிலில் சம்மணம் கட்டிக்கொண்டு. “சுடுறது அவன்ரை வேலை. பாவம் அவனுக்கு.”

“கூப்பிடாட்டி அது வராதே. வராட்டிச் சுடமாட்டினமே.”

“அப்ப பாதிப் பாவம்.”

“பாதிக்கு முருகன் பாதி வீடு தருவாரோ?”

அவர் யோசித்தார். “முருகன்ரை கொடியிலை என்ன இருக்கு? சேவல். நீ பறவையைக் காப்பாத்தப் போறாய். அது கோயில் தொண்டு மாதிரி.”

“அது கவுதாரியடா.”

“நெருங்கின சொந்தம்தானே?”

எனக்குத் திருப்தி வரவில்லை. பொலிதேயாமாவில் தபால்பெட்டிக்குப் பக்கத்து ரெலிபோன் கூண்டுக்குள் போய் லொட்ஜுக்கு அடித்தேன். லொட்ஜ்காரர் மாடியைப் பார்த்துக் கத்துவது கேட்டது. மனைவி மூச்சுவாங்க வந்தாள்.

“இஞ்சாருங்கோ, என்ன, இந்த நேரத்திலை? சுகமோ?”

“சுகம். நாளைக்கு வேட்டைக்குப் போறன்.”

“விரதத்திலையோ? உங்களுக்கென்ன விசரே?”

“நான் சுடேல்லை. முயல் மாதிரிக் கத்துறன். அவ்வளவுதான்.”

“கலியாணம் பேசேக்கை மாப்பிள்ளை கண்டக்டர் எண்டுதானே சொன்னவை.”

வீட்டுக் கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு அந்தக் குரல் வந்தது. அது வந்தால் வாதம் முடிந்தது என்று எனக்குத் தெரியும்.

“உயிர் எடுத்து வாற வீட்டிலை நான் விளக்கு வைக்கமாட்டன். விரதம் பிடிச்சுக்கொண்டு செய்யிற வேலையோ இது?”

“அப்ப வீடு?”

“வீடும் வேணும். இன்னும் எத்தினை நாளைக்கு நானும் பிள்ளையும் இந்த லொட்ஜிலை மற்றவையின்ரை சமையலை மணந்துகொண்டு கிடக்கிறது? உயிரும் போகக்கூடாது, வீடும் வேணும். உங்கடை கெட்டித்தனம்.”

ரெலிபோனை வைத்தேன். கெட்டித்தனம்! பாதி வழியில் பஸ் நின்றால் தள்ளுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த கெட்டித்தனம். சரி, தள்ளுவோம் என்று முடிவெடுத்தேன். போவேன். கூப்பிடுவேன். என்ன வருகிறது என்று பார்ப்பேன். வந்த பிறகு, அதன் உயிர் போகாமல் எனக்கு வீடு வருவதற்கு ஒரு வழி கண்டுபிடிப்பேன். வழி தெரியாதுதான். தெரிந்தா நான் இத்தாலிக்கு வந்தேன்?

அடுத்த நாள் பின்னேரம் தைலம் இல்லை, நல்லெண்ணெய் இல்லை, கற்பூரம் இல்லை. பச்சைத்தண்ணியில் குளித்து, பச்சை மனிதனாகப் போய்ப் பற்றைக்குள் குந்தினேன். முன்னால் கவுதாரிக் கூடு. கூட்டுக்குப் பின்னால் கற்சுவர், சுவரை ஒட்டி ஒரு கிழட்டு ஒலிவ மரம். கடலிலிருந்து வந்த காற்று முகத்தில் அடித்தது. கம்பியில் சிக்கிக்கிடந்த ஒரு இறகு அந்தக் காற்றில் படபடத்தது.

கத்தினேன். பட்டினி வயிறும் வறண்ட தொண்டையும் சேர்ந்து ஒரு குரல் வந்தது, எனக்கே பரிதாபமாக இருந்தது. அதுவரை நான் முயலாக நடித்தேன். அன்றைக்கு முயல்தான் கத்தியது.

ஒன்றும் வரவில்லை. தொத்தோரே முதற்தரமே சொல்லியிருந்தார்: நரி வருவதானால் கெதியாக வரும், ஒரு சுருட்டு எரிகிற நேரத்துக்குள் வராவிட்டால் எழும்பிப் போகவேண்டியதுதான். அந்த நேரம் போயிற்று. அவர் என் முழங்கையைத் தொட்டார்.

“காணும். வராது.”

நான் தலையாட்டாமல், கண்ணை உருட்டாமல், தொடர்ந்து கத்தினேன். அவர் மறுபடி தொட்டார். நான் எழும்பவில்லை. எழும்பினால் மோர்த்தி வரும், பூட்டு வரும், லொட்ஜில் இன்னொரு வருடம் வரும். நிற்பாட்டிக் கேட்பதையும் மறந்தேன். இடைவெளி விடாமல் கத்திக்கொண்டேயிருந்தேன். புறங்கை சிவந்து, உதடு மரத்துப்போயிற்று. எழும்பப் பார்த்த தொத்தோரே மறுபடி குந்திக்கொண்டார்.

வெயில் சரிந்து சுவரின் மேல் வரம்பு மஞ்சளாக மாறிய நேரத்தில், அந்த வரம்பில் ஒரு கல் அசைந்தது. கல் இல்லை.

பூனை. சந்தைப் பூனை மாதிரித்தான் என்று முதலில் நினைத்தேன். பிறகு வாலைக் கண்டேன். மொத்தமான வால், கறுப்பு வளையங்கள், நுனி வெட்டிவிட்டதுபோல மொட்டை. தொத்தோரே என் காதருகே சாய்ந்தார்.

“காட்டுப்பூனை,” என்றார், உதடு அசையாமல். “நிப்பாட்டாதை.”

அது நரி மாதிரி ஓடிவரவில்லை. நாலடி நடந்து இருந்தது. பார்த்தது. மறுபடி கொஞ்சம் நடந்து இருந்தது. நான் ஒரு மூச்சு விட்டால் அது முகத்தை அங்கால் திருப்பியது. கத்தினால் மறுபடி திரும்பியது. சுவரிலிருந்து ஒலிவ மரத்துக்கு ஏறியது. மரத்திலிருந்து ஒரு கொப்பு கூட்டுக்கு மேலாக நீண்டிருந்தது. அந்தக் கொப்பில், தன் வீட்டு வாசற்படியில் வருவதுபோல நடந்துவந்து, படபடக்கிற இறகை ஒருதரம் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டு குந்தியது.

இந்த நாட்டுக்கு வந்து என்னை இவ்வளவு கவனமாக ஒருவரும் கேட்டதில்லை. குவெஸ்தூராக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் நான் வாய் திறந்தவுடன் ‘அடுத்தவர்’ என்பார். இது காதிரண்டையும் முன்னால் திருப்பிக்கொண்டு, நான் சொல்லுகிற ஒவ்வொன்றையும் முழுசாகக் கேட்டது. நான் சொன்னதெல்லாம் பொய் என்பதுதான் வெட்கம்.

ஓரக்கண்ணில் துவக்கு மெதுவாக உயர்வதைக் கண்டேன். இந்தப் பூனை போனால் கவுதாரி மிஞ்சும். கவுதாரி மிஞ்சினால் வீடு. இன்னும் கொஞ்சம் கத்தினால் போதும்.

புறங்கையை வாயிலிருந்து எடுத்து மடியில் வைத்தேன்.

பூனை பொறுத்துப் பார்த்தது. கதை முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் எழும்பி, அவசரம் இல்லாமல் வந்த வழியே கொப்பு, மரம், சுவர் என்று போய் மறைந்தது. துவக்குச் சத்தம் கேட்கவில்லை.

“ஏன் நிப்பாட்டினாய்?”

“விரதம், தொத்தோரே. உயிர் போனால் என்ரை மனிசி அந்த வீட்டிலை கால் வைக்கமாட்டாள்.”

அவர் துவக்கை நடுவில் மடித்துத் திறந்து காட்டினார். உள்ளே தோட்டா இல்லை.

“தூக்கினது பழைய பழக்கம். இதைச் சுட்டால் என்னைப் பிடிச்சு அடைப்பாங்கள். அது ஒண்டு.” இடது கன்னத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார். “மற்றது, இந்தக் கண் மூடுதில்லை. காத்துப் பட்டால் ஓடுது. இப்ப வந்தது என்ரை கண்ணுக்கு மூண்டு பூனை. இந்த வருசம் நான் ஒருநாளும் தோட்டா போடேல்லை. நரி வந்தாலும் பார்த்துப்போட்டு விட்டிருப்பன். வேட்டைக்காரருக்குச் சொல்லிப்போடாதை.”

“அப்ப ஏன் என்னை இவ்வளவு நாளும் கத்தவைச்சனீங்கள்?”

“வாறதைப் பார்க்கத்தான். நான் கூப்பிட்டு நரி வந்திருக்கு. பூனை ஒருநாளும் வந்ததில்லை. நான் சுருட்டு முடிய எழும்பிப் போற ஆள். அதுக்கு உன்னைப்போல ஒரு விடாக்கண்டன் வேணும்போலை.”

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது, பசியும் வந்தது. மூன்றையும் ஒதுக்கிவைத்தேன்.

“தொத்தோரே, எனக்கு வீடு வேணும். பூனையும் இருக்கட்டும். என்ன செய்வம்?”

அவர் கூட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். நாங்கள் எல்லாரும், பழைய காவல்காரர் உட்பட, நரியை நினைத்துக்கொண்டு மாதக்கணக்காக நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கூட்டுக்கு மேலே கிடந்தது வெறும் பழைய மீன்வலை. கொப்புக்கு நேர் கீழே அது தொய்ந்து, விளிம்பில் ஒரு பூனை போய்வருமளவுக்கு விலகிக் கிடந்தது.

“மேலாலை!” என்று தொத்தோரே நெற்றியில் அடித்துக்கொண்டார். “களவு போறது மேலாலை!”

“கொப்பு அரியிற வாள் எங்கை இருக்கு?”

“இப்பவோ? நீ காலமையிலிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை.”

“வாளைத் தாருங்கோ.”

ஏணியில் ஏறினேன். கண்ணுக்கு முன்னால் சின்னச் சின்னப் பூச்சிகள் பறந்தன. கீழே தொத்தோரே ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பாதி முகத்தால் சிரித்தபடி நின்றார்.

“விழுந்தால் உன்ரை கடவுளிட்டைச் சொல்லு, நான் நல்லாத்தான் பிடிச்சனான் எண்டு!”

“அவர் ஆறுமுகம், தொத்தோரே. எல்லாப் பக்கமும் பார்த்துக்கொண்டுதான் நிக்கிறார்.”

ஒலிவக் கொப்பு இரும்பு மாதிரி. கை மாற்றி மாற்றி அறுத்தேன். கடைசியில் அது முறிந்து விழுந்தபோது கவுதாரிகள் எல்லாம் சேர்ந்து போட்ட சத்தம், எனக்குப் பாராட்டாகவே கேட்டது. அடுத்தடுத்த நாட்களில் மீன்வலையை எடுத்துவிட்டுக் கம்பிவலை இழுத்துக் கட்டினேன். சூரன் போர் அன்றைக்கு மொரீஷியஸ் அக்கா வீட்டுக்குக் கீறல் விழுந்த கைகளோடு போய் நின்றேன். “சூரனோ அடிச்சவன்?” என்று அறைக்காரர் கேட்டார்.

மோர்த்தி அன்று சிஞ்ஞோரா குடும்பத்துக் கல்லறைக்குப் பூவைத்துவிட்டு, கறுப்பு உடுப்போடேயே தோட்டத்துக்கு வந்தார். கூட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். ஒன்றும் குறையவில்லை. பிறகு காவல்காரன் வீட்டுக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஒட்டடை, ஓட்டை, எலி.

“இதுக்குள்ளையோ உன்ரை மனைவியைக் கொண்டுவரப்போறாய்?”

“ஓம், சிஞ்ஞோரா.”

“வெட்கமில்லையோ? முதலிலை வெள்ளையடி,” என்று சாவியை என் கையில் வைத்துவிட்டுக் கணவரின் பக்கம் திரும்பினார். “நீ நாளைக்கே இவன்ரை வீட்டுக் கடுதாசியை எழுதிக் குடு.”

அன்று பின்னேரம் ரெலிபோன் கூண்டுக்குள் அட்டையைப் போட்டேன். லொட்ஜ்காரர் கத்தினார். அவள் வந்தாள்.

“வீடு கிடைச்சிட்டுது.”

“உயிர்?”

“ஒண்டும் போகேல்லை. எனக்குத்தான் கொஞ்சம் போய் வந்தது.”

அவள் சிரிக்கவில்லை. கேள்விகள்தான் வந்தன, ஒன்றன்பின் ஒன்றாக.

“எத்தினை அறை?”

“ஒரு அறை, ஒரு குசினி.”

“தண்ணி?”

“கிணறு இருக்கு. பம்பும் இருக்கு.”

“அக்கம்பக்கத்திலை ஆக்கள் ஆர்?”

“கவுதாரியள். ஒரு பூனை இடைக்கிடை சுவரிலை வந்து பார்த்துப்போட்டுப் போகும்.”

“பகிடியை விடுங்கோ. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்?”

“பஸ் போகுது. நான் கேட்டு வைச்சிட்டன்.”

“பாதை?”

“மலைப் பாதை. நடக்கலாம்.”

அவள் ரெலிபோனைப் பொத்திக்கொண்டு மகளிடம் ஏதோ சொன்னாள். மகள் ஏதோ கத்திக் கேட்டாள். இவள் அதட்டினாள். கடைசியில் மறுபடி வந்து ஒரே ஒரு சொல் சொன்னாள்.

“வாறம்.”

அட்டை முடிந்து ரெலிபோன் செத்துப்போனது. அதைக் காதில் வைத்தபடி இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே நின்றவர் கண்ணாடியில் தட்டினார். திருநாள் என்று கடைகள் எல்லாம் பூட்டு. போர்கோ வெக்கியோவில் சுண்ணாம்பு விற்கிறவரின் வீடு எது என்று எனக்குத் தெரியும். போய்க் கதவைத் தட்டினேன்.